கடைசி வரிசைக் கொய்யாமரங்கள்

அவனுடைய போர்க்கிணற்றில் தண்ணீர் வந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவனே என்னை வரச் சொல்லியிருந்தான். "நீ வந்து நில்லுலே. தண்ணி விவரம் ஒனக்குத்தான் தெரியும்" என்று முந்தின நாள் போனில் சொன்னான்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகிற சாலையில், மலை கண்ணுக்கு எதிரே எழும்பி நிற்கிற இடத்தில் அவன் நிலம். பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன், வந்த கையோடு வாங்கிய இரண்டு ஏக்கர். போர் வண்டி காலையிலேயே வந்துவிட்டது. மேலே செம்மண், அதற்குக் கீழே ஓடைக்கல், அதற்கும் கீழே பாறை. வெள்ளைப் புழுதி பறந்து எங்கள் தலையிலும் புருவத்திலும் படிந்தது. நூறு அடி, நூற்றைம்பது, இருநூறு. புழுதிதான் வந்துகொண்டிருந்தது.

அந்தப் புழுதியைப் பார்க்கப் பார்க்க என் மனதுக்குள் ஓர் ஆறுதல் இறங்கியதை மறைக்கப் போவதில்லை. அது எனக்குப் பழக்கமான புழுதி. ஊருக்குக் கிழக்கே, கண்மாயின் கடைசி மடைக்கும் கீழே கிடக்கிற என் ஒன்றரை ஏக்கரில் இரண்டு தடவை போர் போட்டவன் நான். இரண்டு தடவையும் அதை மட்டுமே பார்த்தவன்.

இருநூற்றெண்பதாவது அடியில் சத்தம் மாறியது. புழுதி நின்று சேறு வந்தது. சேறு கரைந்து தண்ணீராகி, பக்கத்துத் தோப்பின் தென்னை உயரத்துக்குப் பீறிட்டது. போர்க்காரர்கள் விசிலடித்தார்கள். அவன் மனைவி மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். அவன் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான்.

"எல்லாம் ஒன் ராசிதாம்லே மாப்ள!"

அவன் தண்ணீர் என் முகத்தில் வழிந்தது. நான் சிரித்தேன். வாய் சிரித்தது என்பதுதான் சரி.

எனக்குச் சொட்டுநீர்க் குழாய் போடுகிற வேலை. ராஜபாளையத்தில் ஒரு கடைக்காரருக்காகப் பதினைந்து வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அய்யனார் கோவில் பக்கத்து மாந்தோப்புகளிலிருந்து கிழக்கே கரிசல் காடு வரை நான் குழாய் போடாத ஊர் குறைவு. ஒரு கிணற்றை எட்டிப் பார்த்தே எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடும் என்று சொல்லிவிடுவேன். என் சொந்த நிலத்தில் மட்டும் ஒரு சொட்டு கிடையாது. பகலெல்லாம் அடுத்தவர் தண்ணீரைப் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் என் நிலத்து வழியாக வண்டியில் வருவேன். சீமைக்கருவேலம் மட்டும் பச்சையாக நிற்கும்.

அடுத்தவர் தண்ணீரைப் பார்த்து எனக்கு முன்பும் ஏக்கம் உண்டு. ஆனால் இவன் மேல் வந்தது ஏக்கம் இல்லை. அதற்குப் பழைய வேர் ஒன்று இருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். பன்னிரண்டாவது முடித்த வருஷம் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சேர்ந்தே பஸ் ஏறினோம். ஓட்டம் வைத்தார்கள். நான் மூன்றாவதாக வந்தேன். அவன் எப்படியோ கடைசிக் கூட்டத்தோடு மூச்சிரைக்க வந்து தேறினான். பிறகு டாக்டர் பார்த்தார். என்னை நிற்கச் சொல்லி, குதிகால்களைச் சேர்க்கச் சொல்லி, என் முட்டிகள் இரண்டும் ஒன்றோடொன்று இடிப்பதைக் காட்டி, ஒரு ஓரமாகப் போகச் சொன்னார். அவ்வளவுதான். வேகமாக ஓடிய முட்டி வீட்டுக்கு வந்தது. மெதுவாக ஓடிய முட்டி பட்டாளத்துக்குப் போனது.

லீவில் வரும்போதெல்லாம் என்னைத் தேடி வருவான். பெட்டியில் எனக்கென்று ஒரு கம்பளிச் சட்டையோ, டார்ச் லைட்டோ இருக்கும். வாங்கிக்கொள்வேன். அவன் போன பிறகு அதை அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிடுவேன். என் மனைவி அங்கன்வாடியில் டீச்சர். "அவிய எம்புட்டு ஆசையாக் கொண்டாந்து குடுக்காவ, ஒரு நாளாவது போடுங்களேன்" என்பாள். நம்ம ஊர் வெயிலுக்குக் கம்பளியா என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

இப்போது தண்ணீரும் அவனுக்கே வந்துவிட்டது.

முந்நூற்றைம்பது கொய்யாக் கன்று, லக்னோ ரகம், வைக்கத் தீர்மானித்தான். குழாய் போட வேறு யாரையும் கேட்கவே இல்லை. நான் போய் அளந்தேன். மோட்டார் ரூம் வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. பத்து நாள்தான் அதில் தண்ணீர் பிடித்திருப்பார்கள். அதற்குள் உள்பக்கம் வளையம் வளையமாக வெள்ளை படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. தண்ணீர் கொட்டுகிறதே தவிர, உப்புத் தண்ணீர். பாறைக்கு அடியிலிருந்து வருவது. இப்படிப்பட்ட தண்ணீரைச் சொட்டுக் குழாயில் விட்டால், சொட்டு விழுகிற துளையில் கொஞ்சம் கொஞ்சமாக உப்பு கட்டி, ஒரு நாள் அடைத்துக்கொள்ளும். இது எனக்கு மனப்பாடம்.

குழாய் போட்டு முடித்ததும் எந்த விவசாயிக்கும் நான் மூன்று விஷயம் சொல்வேன். தண்ணீரை வடிகட்டுகிற பில்டரைத் தினமும் கழுவணும். குழாய்களின் கடைசியில் இருக்கிற மூடிகளை வாரம் ஒரு தடவை திறந்து அழுக்கை வெளியேற்றணும். உப்புத் தண்ணீராக இருந்தால் நாலு மாதத்துக்கு ஒரு தடவை ஆசிட் கலந்து விட்டு, குழாய்க்குள் படிந்ததைக் கரைக்கணும். படிக்காதவர்களுக்குக்கூடச் செய்து காட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.

அவன் ஒரு டைரியும் பேனாவும் எடுத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தான். பட்டாளத்துப் பழக்கம். முதுகை நேராக வைத்துக்கொண்டு, "சொல்லு மாப்ள, எழுதிக்கிடுதேன்" என்றான்.

அவனுக்குப் பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. முந்நூற்றைம்பது கன்றுக்கும் ஒரே நேரத்தில் சொட்டு விழுந்து, மண்ணில் முந்நூற்றைம்பது கருப்பு வட்டங்கள் விரிந்துகொண்டிருந்தன. அதற்கு மேலே மலை. மலைமேல் மேகம். எல்லாம் இவனுக்கு எப்படி இவ்வளவு லேசாக அமைகிறது என்று ஒரு நினைப்பு. நெஞ்சுக்குக் கீழே ஒரு சூடு.

"பில்டரைத் தெனம் கழுவு" என்றேன்.

எழுதினான். அடிக்கோடு போட்டான். நிமிர்ந்து பார்த்தான்.

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கெடுதல் எதுவும் செய்யவில்லையே, சொல்லாமல்தானே விட்டேன் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த தடவை போகும்போது சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். அடுத்த தடவை போனேன். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் காத்திருந்தேன். வேறு வார்த்தை கிடையாது. அந்தப் பக்கம் வேலை இருந்தால் அவன் வேலியோரம் வண்டியை மெதுவாக ஓட்டி, கடைசி வரிசை இலை வாடியிருக்கிறதா என்று பார்ப்பேன். வாடவில்லை. ஆறு மாதம் ஆயிற்று, ஒரு வருஷம் ஆயிற்று. கன்றுகள் இடுப்பு உயரம் வந்து, தோள் உயரம் வந்தன. உப்புகூட இவனுக்கு மெதுவாகத்தான் படிகிறது என்று கோபம் வந்தது. ஒரு நாள் சாயங்காலம் மலையிலிருந்து இறங்கிய மழை அவன் தோட்டத்தை நனைத்துவிட்டு, சாலையைத் தாண்டாமல் அப்படியே நின்றுபோனதைப் பார்த்தேன். எங்கள் ஊருக்கு ஒரு தூறல் இல்லை. மழையையும் நான் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

அவனுக்கு இது எதுவும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் நிலத்தைப் பார்க்க வேண்டும் என்று வந்தான். கருவேல முள்ளுக்கு நடுவே நடந்து, மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்து, "நல்ல மண்ணுலே இது. தண்ணி மட்டும் இருந்துச்சுன்னா என் நிலமெல்லாம் இதுக்கு முன்னால நிக்காது" என்றான். பிறகு செத்த நேரம் யோசித்துவிட்டு, "எங்கிட்ட இருந்து இங்க வரைக்கும் பைப்பு போட்டுக் கொண்டாந்துர முடியாதா?" என்று கேட்டான்.

"ஏழு கிலோமீட்டர்டா."

"ஓ. ஏழு வருமோ" என்று நிஜமாகவே வருத்தப்பட்டான்.

அந்த வருத்தம்தான் எனக்குத் தாங்கவில்லை. பெருமை பேசியிருந்தால், என்னை ஒரு வார்த்தை மட்டமாகப் பேசியிருந்தால், பற்றிக்கொள்ள ஒரு பிடி கிடைத்திருக்கும்.

இரண்டாம் வருஷம் முதல் காய்ப்பு. நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுபோய் வைப்போம், ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். நான் வருஷா வருஷம் கடையில் வாங்கிய ஒரு தேங்காயோடு போகிறவன். அது தெரிந்து, அவன் ஒரு கூடை நிறையக் கொய்யாவைக் கொண்டுவந்து என் வீட்டில் வைத்தான். "ஒங்க கோயில்ல வையி மாப்ள. மொதக் காயி. எல்லா சாமிக்கும் குடுத்துட்டேன், ஒங்க சாமிக்கு மட்டும் பாக்கி" என்றான்.

பந்து பந்தாக, பச்சையும் மஞ்சளுமாக, காம்போடு இலை ஒட்டிய காய்கள். கோயில் முழுக்க வாசனை. கூடையைச் சுற்றிக் கூட்டம். ஏலத்தில் அதற்குத்தான் போட்டி. போதகர் ஒரு காயைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க தோட்டத்துக் காயா?"

நான் தலையை ஆட்டினேன்.

ஏன் ஆட்டினேன் என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஒரு நிமிஷம் அந்தக் காய் என்னுடையதாக இருந்தது. அந்த மரம், அந்த மலை, அந்தத் தண்ணீர் எல்லாம் என்னுடையதாக இருந்தன. என் மனைவி பக்கத்தில்தான் நின்றாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபிறகுதான் கேட்டாள்.

"நம்ம தோட்டத்துல நீங்க எப்பம் கொய்யா வச்சிய?"

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

அதற்கு அடுத்த சித்திரையில் போன் வந்தது. நான் ராஜபாளையத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன்.

"மாப்ள, கடைசி ரெண்டு வரிசையில சொட்டு கொறையுது. சில மரத்துக்கு விழவே இல்ல."

"பில்டரைக் கழுவினியா?"

"தெனம் கழுவுதேனே."

"அப்பம் ஒண்ணும் இருக்காது. வெயிலுக்கு அப்படித் தெரியும். இப்பம் செத்த வேலையா இருக்கேன், வாரேன்."

வேலை ஒன்றும் இல்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு மீதி டீயைக் குடித்தேன். நன்றாக இருந்தது. இன்னொன்று போடச் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டான். நாலு வரிசை என்றான். இலை சுருளுகிறது என்றான். குரலில் ஒரு நடுக்கம். இருபத்திரண்டு வருஷம் பனியிலும் பாறையிலும் நின்றவனுக்கு, கொய்யா மரம் வாடுவதில் குரல் நடுங்குகிறது. "நாளைக்கு வாரேன்" என்றேன். போகவில்லை. அதற்கும் அடுத்த வாரம் அவன் மனைவி கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க. அவிய விடிஞ்சதும் தோட்டத்துக்குப் போனா சாப்பிடக்கூட வர மாட்டங்காவ."

அன்றைக்குப் போனேன். உச்சி வெயில். வேலியைத் திறந்துகொண்டு போனால் ஆளைக் காணோம். நடு வரிசையில் ஒரு மரத்தடியில் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. கிட்டே போய்ப் பார்த்தேன். அவன் குப்புறப் படுத்திருந்தான். மூக்குக் கண்ணாடி மண்ணில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து, கையில் ஒரு ஊக்கை வைத்துக்கொண்டு, குழாயில் சொட்டு விழுகிற துளையைக் குத்திக்கொண்டிருந்தான்.

"வந்துட்டியாலே!" என்று எழுந்து உட்கார்ந்தான். முகமெல்லாம் மண். "வெள்ளையா ஏதோ அடைச்சிருக்கு. குத்தினா வருது. நாலு வரிசை முடிச்சுட்டேன்."

ஒரு மரத்துக்கு நாலு சொட்டுவாய். முந்நூற்றைம்பது மரம். ஊக்கால் குத்தினால் துளை பெரிதாகிவிடும், குத்திய மரத்துக்கு ஊற்றும், அடுத்த மரத்துக்கு ஒன்றுமே வராது. அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு கவனமாக, அவன் தன் தோட்டத்தைத் தானே கெடுத்துக்கொண்டிருந்தான். கடைசி வரிசையில் அவன் மனைவி இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மரமாக ஊற்றிக்கொண்டு போனாள். அங்கே இலையெல்லாம் சுருண்டு, பிஞ்சுகள் கருத்துக் கீழே கிடந்தன.

"நான்தான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன் மாப்ள" என்றான். "ரெண்டு தரம் பாத்துட்டேன். நீ சொன்னதத்தான் செஞ்சிருக்கேன். எதுல விட்டேன்னு தெரியல."

எழுந்து போய் மோட்டார் ரூமிலிருந்து அந்த டைரியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தான். ஒவ்வொரு நாளும் தேதி. தேதிக்கு எதிரே 'பில்டர் கழுவியாச்சு'. அதற்குப் பக்கத்தில் ஒரு டிக். பக்கம் பக்கமாகத் திருப்பினேன். காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில் மனைவி கையெழுத்தில் டிக் இருந்தது. ஒரு நாள் விட்டுப்போகவில்லை.

என்னால் அதற்கு மேல் திருப்ப முடியவில்லை.

கடைசி வரிசைக்குப் போய்க் குழாயின் மூடியைத் திறந்தேன். மோட்டாரைப் போடச் சொன்னேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு கழுநீர் மாதிரி, அதற்குப் பிறகு சுண்ணாம்புக் கரைசல் மாதிரி, வெள்ளைவெளேரென்று கொழகொழத்து வந்தது. அவன் அதைக் குனிந்து பார்த்தான். விரலால் தொட்டுப் பார்த்தான்.

மறுநாள் காலையில் ராஜபாளையத்திலிருந்து ஆசிட் வாங்கிக்கொண்டு போனேன். பெரிய டப்பாவில் தண்ணீர் வைத்து, அந்தத் தண்ணீரில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் தெறித்துவிடும். அதைச் சொல்லிக்கொண்டே செய்தேன். அவன் பக்கத்தில் நின்று பார்த்தான். குழாய் முழுக்க ஆசிட் தண்ணீர் ஏறியதும் வால்வை மூடினோம். உப்பு கரைய நேரம் வேண்டும், சாயங்காலம் வரை அப்படியே விட வேண்டும். மோட்டார் ரூம் நிழலில் சாக்கை விரித்து உட்கார்ந்தோம்.

அவன் கேட்டான்.

"இத முந்தியே செஞ்சிருக்கணுமோ?"

"ஆமா. நாலு மாசத்துக்கு ஒருக்க."

"அந்த மூடி?"

"வாரா வாரம் தெறந்து விடணும்."

அவன் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "எத்தனை தோட்டத்துக்கு அலையுத. எங்கிட்டச் சொல்ல மறந்திருப்ப" என்றான்.

அவனே கதவைத் திறந்து வைத்துவிட்டான். நான் தலையை ஆட்டினால் போதும். கோயிலில் ஆட்டினேனே, அது மாதிரி.

"மறக்கல" என்றேன்.

திரும்பிப் பார்த்தான்.

"வாளியில வெள்ளை படிஞ்சிருந்துச்சு. அன்னைக்கே தெரியும். வேணும்னுதான் சொல்லல."

"ஏன்?"

"வயித்தெரிச்சல்."

அவனுக்குப் புரியவில்லை. நடிக்கவில்லை, நிஜமாகவே புரியவில்லை. "எம்மேலயா? எங்கிட்ட என்னலே இருக்கு?" என்றான். அவன் முதுகுக்குப் பின்னால் தோட்டமும் மலையும் இருந்தன. எதைச் சொல்வது? வாயில் வந்தது என்னவோ வேறு.

"ஓட்டத்துல நான்தான் முன்னால வந்தேன்."

"எந்த ஓட்டம்?"

பட்டாளத்து ஓட்டம், மூன்றாவதாக நான் வந்தது, டாக்டர், முட்டி எல்லாம் சொன்னேன். அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். நான் மெடிக்கலில் நின்றுபோனது ஞாபகம் இருந்தது. யார் முந்தி வந்தது என்பது ஞாபகமே இல்லை. இருபத்தைந்து வருஷமாக ஒரு நாள் விடாமல் நான் ஓடிக்கொண்டிருந்த ஓட்டத்தில் அவன் இல்லவே இல்லை.

அவன் மனைவி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். வெயில் இறங்கியதும் அவன் எழுந்தான்.

"நேரமாச்சு. வால்வத் தெறங்க" என்றான்.

சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். வால்வைத் திறந்தேன். மூடிகள் வழியாக வெள்ளையாக ஓடி, கலங்கி ஓடி, கடைசியில் தெளிந்த தண்ணீர் வந்தது. "நல்லா வருது. இனிமே நான் பாத்துக்கிடுதேன். நீங்க போயிட்டு வாங்க" என்றான். அப்போது சந்தேகம் தீர்ந்தது.

ஆறு வயதிலிருந்து என்னை ஏலே என்றும் வாலே என்றும் கூப்பிட்டவன். திட்டியிருக்கலாம், வேலிக்கு வெளியே தள்ளியிருக்கலாம். அவன் எனக்கு மரியாதை கொடுத்துவிட்டான்.

ஊக்கால் குத்திய சொட்டுவாய்களை மாற்ற ஆறு நாள் ஆயிற்று. கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் போய் மாற்றினேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூட நின்று எடுத்துக் கொடுத்தான். மத்தியானம் "சாப்பிடுங்க" என்றான். வீட்டில் நடந்ததைச் சொன்னபோது என் மனைவி கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். பிறகு, "நான் அந்த அக்கா மொகத்துல எப்பிடி முழிப்பேன்?" என்று மட்டும் கேட்டாள்.

தோட்டம் பிழைத்துக்கொண்டது. கடைசி வரிசையில் ஒன்பது மரம் மட்டும் தேறவில்லை. ஆடியில் அவற்றை வெட்டி எடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். என்னை அவன் கூப்பிடவில்லை. ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவனைத் தூரத்திலிருந்து பார்த்தேன். உரக்கடைக்காரர் ஒருவரின் தோளில் கையைப் போட்டு, "என்ன மாப்ள, ஆளையே காணோம்" என்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அந்த உரக்கடைக்காரர் மேல் எனக்கு வந்தது பழைய அதே சூடுதான். அவரிடம் தண்ணீரும் இல்லை, தோட்டமும் இல்லை. இருந்தும் வந்தது. கூட்டத்தோடு நழுவி வேறு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஐப்பசியில் நல்ல மழை. எங்கள் பக்கமும் பெய்தது. ஒரு காலையில் நர்சரிக்குப் போய் ஒன்பது லக்னோ கன்று வாங்கி, வண்டியின் முன்னாலும் பின்னாலும் கட்டிக்கொண்டு அவன் தோட்டத்துக்குப் போனேன். வேலிக்கு வெளியே நின்று ஹாரன் அடித்தேன். அவன் வந்து கன்றுகளைப் பார்த்தான். எண்ணிப் பார்த்தான்.

"கொண்டாங்க" என்றான்.

கடைசி வரிசையில் பழைய வேர்களைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதுக் குழி எடுத்தோம். ஈர மண், மண்வெட்டி சுலபமாக இறங்கியது. ஓடையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மற்ற வரிசைகளில் இலை பளபளவென்று, காய் கிளையைத் தாழ்த்தித் தொங்கியது. நான் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். அவன் அதைக் கவனித்துவிட்டான் போலிருக்கிறது.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டான். கேலி இல்லை. காய்ச்சல் விட்டதா என்று கேட்கிற மாதிரி கேட்டான்.

பொய் சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"இருக்கு."

அவன் மண்வெட்டியை மண்ணில் ஊன்றினான். பிறகு குனிந்து, கன்றின் பையைக் கிழித்து, வேர்மண் உதிராமல் இரண்டு கையாலும் ஏந்திக் குழிக்குள் இறக்கினான்.

"மண்ணத் தள்ளுங்க" என்றான். "மழைக்கு முன்னால இன்னும் எட்டு வைக்கணும்."